அப்படின்னா கடவுளைப் படைச்சது யாரு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்துவம் படிக்கும் சிறிய வாசகர் வட்டம் ஒன்றில் முதற்காரண வாதத்தைப் பற்றிப் பேசி வருகிறேன். உலகத்துக்கு ஒரு முதல் காரணம் இருந்தாக வேண்டும், அதுவே கடவுள் என்பதுதான் அந்த வாதம். கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், கறுப்புச் சட்டைக்காரர்களும் வருவார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை இதில் தேடாதீர்கள். ‘கடவுளுக்கும் ஒரு காரணம் வேண்டாமா?’ என்ற கேள்வி எங்கே சரியாகக் குத்துகிறது, எங்கே வழுக்கிவிடுகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குன்னா கடவுளுக்கும் இருக்கணும்ல? அதோட வாதம் முடிஞ்சு போச்சே?

முடியவில்லை. இந்த வாதத்தைக் கட்டிய பெரிய ஆட்கள் யாரும் ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று தொடங்கவில்லை. இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி (1058–1111) சொன்னது, ‘தோன்றியதற்கெல்லாம் காரணம் உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே அதற்கும் உண்டு’ என்பது. கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274) மாற்றத்துக்கு உள்ளாகிறவை, இருக்கவும் இல்லாமல் போகவும் கூடியவை என்று எடுத்துக்கொண்டார். நம் நாட்டுத் தருக்க மரபான நியாயத்தைச் சேர்ந்தவர்கள் ‘காரியம் எதுவோ அதற்குக் கர்த்தா (செய்தவர்) உண்டு’ என்றார்கள். கூறுகள் சேர்ந்து உருவான எதுவும் அவர்கள் கணக்கில் காரியம்.

மூன்று விதியும் ஒரு வகைப் பொருளுக்குத்தான் காரணம் கேட்கின்றன. கடவுள் அந்த வகையில் சேரமாட்டார் என்று அவர்கள் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்கு அவர்கள் கொடுக்க வேண்டிய விலை பெரிது. அது போகப்போகத் தெரியும்.

பெர்ட்ரண்ட் ரசலே இதைத்தானே சொன்னார்? அவர் சொன்னது தப்பா?

பாதி. 1927 மார்ச்சில் லண்டன் பேட்டர்சி நகர மண்டபத்தில் பேசியபோது ஆங்கிலத் தத்துவவாதியான ரசல் இதை எடுத்தார். பதினெட்டு வயதில் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாற்றைப் படித்ததாகவும், ‘கடவுளைப் படைத்தது யார்?’ என்ற கேள்வியை அதில் பார்த்ததும் முதற்காரண வாதத்தைக் கைவிட்டதாகவும் சொன்னார். அவர் வைத்த வாதத்தில் இரண்டு துண்டு உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் வேண்டும் என்பது முதல் துண்டு. காரணம் இல்லாமல் ஒன்று இருக்க முடியுமென்றால் அது கடவுளாக இருப்பதைப் போலவே உலகமாகவும் இருக்கலாமே என்பது இரண்டாவது.

முதல் துண்டு யாரும் சொல்லாததை மறுக்கிறது. இரண்டாவது துண்டுதான் கனமானது. மேடைகளில் முதல் துண்டையே திரும்பத் திரும்பச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. அதே உரையில், உலகம் யானை மேல், யானை ஆமை மேல், ஆமை எதன் மேல் என்று கேட்டால் ‘வேறு பேசுவோமா?’ என்கிற இந்தியர் ஒருவரை வைத்து ரசல் ஒரு நகைச்சுவையும் சொல்வார். இந்தியாவில் இந்தப் பேச்சை மாற்றாமல் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதைக் கீழே பார்க்கலாம்.

‘தோன்றியதுக்கு மட்டும் காரணம்’னு விதியைச் சுருக்கினதே கடவுளைக் காப்பாத்தத்தானே?

இந்தச் சந்தேகம் நியாயமானது. விதியிலிருந்து ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அது சலுகைதான். அதனால் அந்த விலக்கு வேறு யாருக்காவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நியாயமும் அதன் துணை மரபான வைசேஷிகமும் சேர்ந்த மரபில் கிடைக்கிறது. அங்கே அணுக்கள் அநாதி (தொடக்கமில்லாதவை), ஆன்மாக்கள் அநாதி, ஆகாயமும் காலமும் அநாதி. கூறுகள் இல்லாததால் இவை எதற்கும் கர்த்தா வேண்டாம். ஈசுவரனுக்கும் அதே காரணத்தால்தான் வேண்டாம். அரிஸ்டாட்டிலோ உலகமே தொடக்கம் இல்லாதது என்றவர். அவருடைய ‘அசையாமல் அசைப்பது’ உலகைப் படைக்கவில்லை, அதன் அசைவுக்குக் காரணமாக இருக்கிறது, அவ்வளவுதான். இவர்களிடம் ‘கடவுளுக்கு மட்டும் சலுகையா?’ என்று கேட்க முடியாது. ஒன்றுமே இல்லாததிலிருந்து கடவுள் எல்லாவற்றையும் படைத்தார் என்கிறவர்களிடம்தான் இந்தக் கேள்வி பலமாக நிற்கும். ஏனென்றால் அங்கே தோன்றாத பொருள் அவர் ஒருவர்தான்.

கடவுள் தன்னைத் தானே உண்டாக்கிக்கிட்டார்னு சொல்லிட்டா?

உண்டாக்குவதற்கு முன்பே அவர் இருந்திருக்க வேண்டும். இருந்தார் என்றால் உண்டாக்க வேண்டியதில்லை. சுயம்பு லிங்கம் என்று கோயிலில் சொல்வதும் யாரும் செதுக்கி வைக்காதது என்ற அர்த்தத்தில்தான். டெகார்ட் ஓரளவு இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். அவர் காலத்திலேயே அர்னோ என்ற இறையியலாளர் மடக்கிவிட்டார்.

காரணத்துக்குக் காரணம், அதுக்குக் காரணம்னு முடிவே இல்லாம பின்னாடி போனா என்ன கெட்டுப்போச்சு?

எல்லாச் சங்கிலியிலும் கெட்டுப்போவதில்லை. விதையிலிருந்து மரம், மரத்திலிருந்து விதை என்று தொடக்கமில்லாமல் போவதை இந்தியத் தருக்க நூலார் குற்றமாக எண்ணவில்லை. வினையும் உடம்பும் இப்படித்தான் அநாதியாக ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன என்று பல மரபுகள் ஒத்துக்கொண்டன. ஒன்றை விளக்கக் கொண்டுவந்த பொருளுக்கே அதே விளக்கம் தேவைப்பட்டு, விளக்கம் எங்கேயும் கால் ஊன்றாமல் ஓடினால் மட்டுமே அது அநவஸ்தை என்ற குற்றம்.

அக்வினாஸும் இதே பிரிவினையைத்தான் செய்தார். தந்தை, பாட்டன், பூட்டன் என்ற வரிசை முடிவில்லாமல் பின்னால் போகலாம். பாட்டன் செத்த பிறகும் தந்தை பிள்ளை பெறுவார். கை கோலை நகர்த்துகிறது, கோல் கல்லை நகர்த்துகிறது என்பது வேறு மாதிரி. கை நின்ற கணமே கல்லும் நிற்கும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் ‘முதல்’ ஒன்று வேண்டும் என்றார். உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதை அறிவால் நிறுவ முடியாது, வேதத்தால் நம்புகிறேன் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே ‘முதற்காரணம்’ என்றதும் நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டாதீர்கள். இந்தக் கணத்தில் உலகத்தைத் தாங்குவது எது என்பதே அவருடைய கேள்வி.

நம்ம ஊர்ல யாரும் இப்படிக் கேட்கவே இல்லையா? எல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரியணுமா?

கேட்டார்கள், மிகக் கடுமையாகக் கேட்டார்கள். நியாய மரபின் வாதம் எளிமையானது. பானைக்கு உருவமைப்பு உண்டு, அதைச் செய்த குயவன் உண்டு. மலைக்கும் பூமிக்கும் உருவமைப்பு உண்டு, அதனால் அவற்றுக்கும் ஒரு அறிவுள்ள கர்த்தா உண்டு. 7ஆம் நூற்றாண்டு பௌத்தரான தர்மகீர்த்தி இதை ஒரு புற்றைக் காட்டி உடைத்தார். பானையும் மண்ணால் ஆனது, புற்றும் மண்ணால் ஆனது. அப்படியானால் புற்றையும் குயவன்தான் செய்தானா? பானை குயவன் கையில் உருவாவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம், அதனால் அதுவரை ஊகம் செல்லும். மலை உருவாவதை யார் பார்த்தது? ‘உருவமைப்பு’ என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வெண்புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம், வெளுப்பாக இருக்கும் எதைக் கண்டும் நெருப்பை ஊகிக்க முடியுமா என்றும் கேட்டார்.

நியாயக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. யாரும் விதைக்காமல் முளைக்கும் புல்லை எதிர்த்தரப்பு காட்டியபோது, ‘புல்லுக்குக் கர்த்தா உண்டா என்பதுதானே வழக்கு? வழக்கில் இருக்கும் பொருளையே எதிர்ச்சாட்சியாக நிறுத்தாதே’ என்று மடக்கினார்கள். 10ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த உதயணர் இந்தத் தரப்பின் பெரிய வக்கீல். 11ஆம் நூற்றாண்டு பௌத்தர் ரத்னகீர்த்தி இந்தத் தரப்பை மறுத்துத் தனி நூலே எழுதினார்.

வேதத்தை ஏற்றவர்களிலேயே, வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை மரபின் குமாரில பட்டர் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. உலகம் என்றைக்குமே இப்படித்தான் இருந்து வருகிறது என்றது அவர் மரபு. 9ஆம் நூற்றாண்டு சமண ஆசாரியர் ஜினசேனர் ரசலுடைய அந்த இரண்டாவது துண்டை அப்போதே சொல்லிவிட்டார். கடவுள் மூலப்பொருளை முதலில் படைத்து அப்புறம் உலகைப் படைத்தார் என்றால் முடிவில்லாமல் ஓட வேண்டும். மூலப்பொருள் தானாகவே இருந்தது என்றால் உலகமும் தானாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையைப் புரட்டினால் வஞ்சி நகரில் சைவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி எனப் பலரும் வரிசையாகத் தங்கள் கட்சியைச் சொல்வதைக் கேட்கலாம்.

குயவனுக்குக் கை கால் இருக்கு. உலகத்தைச் செஞ்சவருக்கும் உடம்பு வேணும்ல? அந்த உடம்பைச் செஞ்சது யாரு?

‘கடவுளுக்குக் காரணம் வேண்டாமா’ என்ற கேள்வியின் மிகக் கூர்மையான வடிவம் இதுதான் என்பேன். குமாரிலர் இதைத்தான் பிடித்தார். செய்கிறவனுக்கெல்லாம் உடம்பு இருப்பதைத்தான் பார்க்கிறோம். கடவுளுக்கும் உடம்பு உண்டென்றால் அது கூறுகளால் ஆனது. நியாயக்காரர் விதிப்படியே அதற்கு ஒரு கர்த்தா வேண்டும். உடம்பு இல்லை என்றால் குயவன் உதாரணம் பாதியில் முறிகிறது.

நியாயத்தின் பதில்: கர்த்தாவாக இருக்க உடம்பு அவசியமில்லை. எதைக் கொண்டு செய்வது என்ற அறிவு, செய்யும் விருப்பம், முயற்சி மூன்றும் போதும். ஈசுவரனிடம் இவை தோன்றாமல் என்றும் இருப்பவை. இதற்கு எதிர்த்தரப்பு, நாம் பார்த்த எந்த அறிவும் தோன்றி மறைவதுதான், என்றும் இருக்கும் அறிவை எங்கே கண்டீர்கள் என்றது. எனக்கு எதிர்த்தரப்பின் கை ஓங்கியதாகவே படுகிறது. குயவனிடமிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை உதறிவிட்டால், மிஞ்சியவரைக் குயவனைப் பார்த்து ஊகித்ததாக எப்படிச் சொல்வது?

சைவ சித்தாந்தம் இதுக்கு என்ன சொல்லுது? எங்க வீட்டுப் பெரியவர் ‘சிவஞானபோதத்துல எல்லாம் இருக்கு’ங்கிறார்.

பெரியவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய அந்தப் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதே இதுதான்:

‘அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின் / தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம் / அந்தம் ஆதி என்மனார் புலவர்.’

அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றல், நிற்றல், ஒடுங்கல் என்ற மூன்று தொழிலுக்கு உட்பட்டது. ஆகவே அது ஒருவரால் தோற்றுவிக்கப்பட்டது. எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுகிறது. உயிர்களுக்கு மலம் (ஆணவம் முதலிய அழுக்கு) இருப்பதால்தான் அப்படித் தோன்ற வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒடுங்கியபோது ஒடுங்காமல் மிஞ்சி நிற்கிறவரே ஆதி. ‘கடவுளுக்குக் காரணம் வேண்டாமா?’ என்பதற்கு இங்கே பதில் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது: மூவினைக்கு உட்பட்டதற்கே காரணம் வேண்டும், ஒடுக்குகிறவர் அதற்கு உட்படாதவர்.

இங்கே ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வருவதில்லை. மாயை முதற்காரணம் (இங்கே இந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் என்றே அர்த்தம்), சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம், அதாவது செய்பவர். பானைக்கு மண், தண்டசக்கரம் (கோலும் சக்கரமும்), குயவன் மாதிரி. திருமந்திரம் ‘பதியினைப் போற்பசு பாசம் அநாதி’ என்று இறைவன் (பதி), உயிர் (பசு), மாயை உள்ளிட்ட தளை (பாசம்) மூன்றுக்கும் ஒரே தகுதியைக் கொடுக்கிறது. அதனால் மூன்றாம் கேள்வியில் பார்த்த ‘ஒருவருக்கு மட்டும் சலுகை’ என்ற குற்றச்சாட்டு இங்கே ஒட்டாது. வேறொரு கேள்வி ஒட்டும். மாயை அநாதியாகவே இருக்கிறதென்றால், அது தானே உலகமாக விரிந்தால் என்ன? மாயை சடம், அறிவில்லாததால் தானாக இயங்காது என்பது சித்தாந்தம். கன்று வளர அறிவில்லாத பால் தானே சுரக்கவில்லையா என்பது, படைப்புக் கடவுள் இல்லாமலே உலகை விளக்கிய சாங்கிய மரபு. உண்மையான சண்டை அந்த இடத்தில்தான் நடந்தது.

இதெல்லாம் கேட்கவே கூடாத கேள்வின்னு எங்க வாத்தியார் அதட்டிட்டார். அப்படி ஒண்ணு உண்டா?

அதட்டல் பழசு. பிருகதாரண்யக உபநிடதத்தில் ஜனகரின் சபையில் கார்கி எழுந்து யாக்ஞவல்கியரைக் கேட்கிறாள். இதெல்லாம் நீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறது என்றால் நீர் எதில்? காற்றில். காற்று எதில்? இப்படியே உலகம் உலகமாக ஏறிப் பிரம்மலோகம் வரை போய், அது எதில் என்கிறாள். ‘கார்கி, அளவு மீறிக் கேட்காதே, உன் தலை விழுந்துவிடும்’ என்கிறார் அவர். அவள் உட்கார்ந்துவிடுகிறாள். பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கார்கி சபையின் அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடியும் எழுந்து அதே கேள்வியைக் கூர்தீட்டிக் கேட்கிறாள். இந்த முறை ‘அட்சரம்’ என்ற அழியாப் பொருளைப் பற்றி நீண்ட பதிலே கிடைக்கிறது.

இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று ஷைத்தான் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் ‘உன் இறைவனைப் படைத்தது யார்?’ என்பான், அந்த இடத்தில் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி நிறுத்திக்கொள் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்பிலும் இருக்கிறது. அது நம்பிக்கையாளனின் மனக்கலக்கத்துக்குச் சொன்ன மருந்து. கஸ்ஸாலி போன்றவர்கள் தருக்கத்தை அதோடு நிறுத்திவிடவில்லை. உலகத்தைப் படைப்பதற்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டவர்களுக்கு, ‘இப்படித் துருவுகிறவர்களுக்காக நரகம் கட்டிக்கொண்டிருந்தார்’ என்று ஒருவர் பதில் சொன்னதாகக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் எழுதுகிறார். எழுதிவிட்டு, நான் அப்படிப் பதில் சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன் என்கிறார். வாத்தியார்கள் அகஸ்டினைப் பின்பற்றலாம்.

எட்டு வயசுப் பொண்ணு கேட்கிறா. என்ன சொல்றது?

நம்புகிற வீடு என்றால், ‘சாமி எப்பவும் இருக்காருன்னு நாங்க நம்பறோம்’ என்று சொல்லுங்கள். நம்பாத வீடு என்றால், ‘உலகம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு இன்னும் முழுசாத் தெரியலை’ என்று சொல்லுங்கள். இரண்டு வீட்டிலும் அவள் அடுத்து ‘எப்பவும்னா எப்படி?’ என்பாள். அதற்குத் தயாராக இருங்கள்.

பிக் பேங் வந்தாச்சு. உலகத்துக்குத் தொடக்கம் இருக்குன்னு அறிவியலே சொல்லியாச்சு. அப்புறம் என்ன?

சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்து விரியத் தொடங்கியது என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. அதற்கும் முன்னால் ஏதாவது இருந்ததா என்பது வேறு கேள்வி. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அந்த எல்லையில் கைவிரித்துவிடுகிறது. இயற்பியலாளர்கள் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983இல், காலத்துக்குக் கடந்த பக்கத்தில் விளிம்பே இல்லாத ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். பூமியில் தென் துருவத்துக்குத் தெற்கே எதுவும் இல்லாதது போல.

இந்தக் கோட்பாட்டின் மூலவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), புதிய வானியல் படைப்பைச் சாட்சி சொல்கிறது என்ற பொருள்படப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு இறையியல் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. ஒரு பாதிரியாரே இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

குவாண்டம் இயற்பியல்ல காரணமே இல்லாம எல்லாம் நடக்குதாமே? அப்போ ‘தோன்றியதுக்குக் காரணம் உண்டு’ங்கிறதே போச்சே?

யுரேனியம்-238 அணுக்களில் பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடலாம். ஒரு குறிப்பிட்ட அணு இன்று சிதையுமா, நூறு கோடி ஆண்டு கழித்தா என்பதைத் தீர்மானிக்கும் காரணம் எதையும் வழக்கமான குவாண்டம் கோட்பாடு காட்டுவதில்லை. மறைந்திருக்கும் காரணம் உண்டு என்று சொல்லும் டேவிட் போம் போன்றோரின் விளக்கங்களும் இருக்கின்றன.

ஆனாலும் அணு சிதைய அணு இருந்தாக வேண்டும். வெற்றிடத்தில் துகள்கள் தோன்றுகின்றன என்பதும் அப்படியே. அந்த வெற்றிடத்தில் புலங்கள் உண்டு, விதிகள் உண்டு. அது ‘ஒன்றுமில்லாமை’ ஆகாது. இதனால் காரண விதி கொஞ்சம் தளர்ந்தது என்று சொல்லலாம், செத்தது என்று சொல்ல முடியாது. நாத்திக நண்பர்கள் இதை ரொம்ப நம்பி இறங்க வேண்டாம் என்பது என் யோசனை.

படைச்சவர் ஏன் அந்தக் குறிப்பிட்ட நேரத்துல படைச்சார்? முன்னாடியே ஏன் படைக்கலை?

பௌத்தர்கள் இதை நித்தியக் கடவுளுக்கு எதிரான முக்கிய ஆயுதமாக வைத்திருந்தார்கள். காரணம் எப்போதும் மாறாமல் முழுமையாக இருக்கிறதென்றால் காரியமும் எப்போதும் இருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வர முடியாது. வேறு ஏதோ ஒன்று சேர்ந்த பிறகுதான் படைத்தார் என்றால், அந்த ஏதோ ஒன்றுக்குக் காரணம் என்ன? பாருங்கள், ‘கடவுளுக்குக் காரணம் வேண்டாமா’ என்பது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. கடவுள் இருப்பதற்குக் காரணம் கேட்காமல் விட்டாலும் அவருடைய முடிவுக்குக் காரணம் கேட்கிறோம்.

1095இல் கஸ்ஸாலி சொன்ன பதில் புகழ்பெற்றது. பசித்தவன் முன்னால் எந்த விதத்திலும் வித்தியாசமில்லாத இரண்டு பேரீச்சம்பழங்கள், ஒன்றைத்தான் எடுக்கலாம். அவன் பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுத்துவிடுவான். சமமான இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே விருப்பத்தின் வேலை; கடவுள் விருப்பமும் அப்படித்தான் என்றார். பின்னால் வந்த இஸ்லாமியத் தத்துவவாதி இப்னு ருஷ்து, அவன் இந்தப் பழமா அந்தப் பழமா என்று தேர்ந்தெடுக்கவில்லை, சாப்பிடுவதா வேண்டாமா என்றுதான் தேர்ந்தெடுத்தான், அதற்குப் பசி என்ற காரணம் இருக்கிறது என்று வெட்டினார். எனக்கு இப்னு ருஷ்தின் வெட்டு பிடிக்கும். ஆனாலும் கடைசியில் கை ஏன் இடப்பக்கம் போனது என்பதை அது சொல்லவில்லை.

உலகத்தை விளக்கக் கடவுள் வேணும்னா, அவர் உலகத்தை விடச் சிக்கலானவரா இருக்கணுமே? இது விளக்கமா, கூடுதல் தலைவலியா?

உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் பரவலாக்கிய எதிர்வாதம் இது. உயிரினங்களின் நுட்பத்தைக் காட்டிக் கடவுளை நிறுவுகிறவர்கள் மேல் இது நன்றாகவே பாயும். நுட்பம் இருந்தால் வடிவமைத்தவர் வேண்டும் என்றால் வடிவமைக்கும் மூளைக்கும் ஒருவர் வேண்டும்.

அக்வினாஸ் வழியினர், கடவுளுக்குப் பாகங்களே கிடையாது, அவர் முற்றிலும் எளிமையானவர் என்பார்கள். கோடிக்கணக்கானவர்களின் வேண்டுதலைத் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொருவர் வினைக்கணக்கையும் வைத்திருக்கிற ஒருவர் எந்த அர்த்தத்தில் எளிமை என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுடைய நூல்களில் அந்த எளிமைக்கு விரிவான விளக்கம் இருக்கிறது. படிக்கப் படிக்க, கடவுளைப் பற்றி எதையும் நேராகச் சொல்ல முடியாத நிலைக்கு அது போய்ச் சேருகிறது.

சரி, முதற்காரணம் ஒண்ணு இருக்குன்னே வச்சுக்குவோம். அது முருகனா, அல்லாவா, ஏசுவா?

வாதம் அதைச் சொல்லாது. ஒன்றா பலவா என்றுகூடச் சொல்லாது. ஒரு கப்பலைப் பல தச்சர்கள் சேர்ந்து கட்டுவதில்லையா என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்டார். நல்லவரா என்றும் சொல்லாது, இப்போதும் இருக்கிறாரா என்று தொடக்கத்தை வைத்துப் பேசும் வாதம் சொல்லாது. அரிஸ்டாட்டிலின் முதல்வன் தன்னையே சிந்தித்துக்கொண்டிருப்பவர். அவரிடம் தேர்வுக்கு வேண்டிக்கொள்ள முடியாது. அங்கிருந்து சன்னிதிக்குப் போக வேதமோ, அனுபவமோ, அருளோ வேண்டும். பக்தர்களில் படித்தவர்கள் இதை மறுப்பதில்லை.

பிரபஞ்சமே கடைசி, அதுக்கு மேல காரணம் கேட்காதேன்னு நான் சொன்னா என்ன தப்பு? நீங்க கடவுள்கிட்ட நிறுத்துறீங்க, நான் ஒரு படி முன்னாடி நிறுத்துறேன்.

இதுதான் ரசலின் இரண்டாவது துண்டு. 1948இல் கோப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைக் குருவோடு பிபிசி வானொலியில் வாதாடியபோதும் ரசல், பிரபஞ்சம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஹியூம் இதற்கு முன்பே வழி போட்டிருந்தார்: இருபது துகள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிவிட்டேன், அப்புறம் ‘இருபதுக்கும் சேர்த்து என்ன காரணம்’ என்பது அர்த்தமில்லாத கேள்வி.

ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1697இலேயே எதிர்க்கேள்வியை வைத்துவிட்டார். ஒரு வடிவியல் புத்தகம், முந்தைய பிரதியைப் பார்த்து எழுதியது, அது அதற்கு முந்தையதைப் பார்த்து, இப்படி என்றென்றைக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் காரணம் சொல்லிவிட்டீர்கள். அப்படி ஒரு புத்தகம் ஏன் இருக்க வேண்டும், அதில் ஏன் வடிவியல் எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. நீங்கள் ஒரு படி முன்னால் நிறுத்துவது தப்பில்லை. ஆனால் ‘ஏன்?’ என்று கேட்கும் பழக்கத்தை அந்த இடத்தில் நிறுத்துவதற்கு என்ன காரணம் என்று லைப்னிட்ஸ் தரப்பினர் கேட்டால், ‘எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும்’ என்பதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கும்.

‘இல்லாமல் இருக்கவே முடியாத பொருள் கடவுள்’னு சொல்லித் தப்பிக்கிறாங்களே? அது மட்டும் எப்படி?

இஸ்லாமியத் தத்துவவாதி இப்னு சீனா (980–1037) வகுத்த பாதை இது. உலகத்துப் பொருள்கள் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இருப்பு அவற்றுக்கு வெளியிலிருந்து வந்தது. இவை அத்தனையும் சேர்ந்தாலும் அப்படித்தான், ஆகவே இருப்பையே இயல்பாகக் கொண்ட ஒன்று வேண்டும் என்றார். அதற்குக் காரணம் கேட்பது பொருந்தாது, ஏனென்றால் அது இல்லாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை. முதல் கேள்வியில் பார்த்த ‘அந்த வகையில் சேராது’ என்ற பதிலுக்கு இதைவிடத் திடமான வடிவம் கிடையாது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்தப் பொருள் அவசியமாக இருக்கிறது, சரி. அது உலகத்தைப் படைக்க விரும்பியதும் அவசியமா? அவசியம் என்றால் உலகமும் இல்லாமல் போயிருக்க முடியாது; அப்படியானால் உலகம் ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்று வாதத்தைத் தொடங்கியதே தவறு. அவசியமில்லை, படைக்காமலும் இருந்திருக்கலாம் என்றால், ஏன் படைத்தார் என்பதற்குக் கடைசிக் காரணம் இல்லாமல் போகிறது. காரணமில்லாத ஒன்றைக் கடைசியில் ஒப்புக்கொள்வதென்றால் அதை ரசல் சொன்ன இடத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கலாமே.

அக்வினாஸ் வழியினர் கடவுளின் விருப்பம் சுதந்திரமானது, அந்தச் சுதந்திரமே போதிய விளக்கம் என்பார்கள். கஸ்ஸாலியின் பேரீச்சம்பழத்துக்குத் திரும்பிவிட்டோம். ஸ்பினோசா (1632–1677) மறுபக்கம் போனார். எல்லாம் அவசியமே, கடவுளும் இயற்கையும் இரண்டில்லை, வேறு விதமாக இருந்திருக்க முடியாது என்று கணக்கைக் கடைசி வரை போட்டார். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 23 வயதிலேயே அவரை விலக்கி வைத்திருந்தது. பின்னால் ஆத்திகர்கள் அவரை நாத்திகர் என்றார்கள். கவிஞர் நோவாலிஸோ ‘கடவுள் போதை ஏறியவர்’ என்றார். இந்த வாதத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோனால் அந்த இரண்டு பெயரில் எது பொருந்தும் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.